சாட்சியில் இல்லாத தம்பி

பெக்கோக்
5 செப்டம்பர் 2024

தம்பி ரூபேந்திரனுக்கு,

வழக்கமாக ஸ்தோத்திரம் என்று எழுதித்தான் தொடங்குவேன். இந்த முறை எழுதவில்லை. எழுதினால் அதையும் உன் சனிக்கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டி ஆட்களைச் சிரிக்க வைப்பாய்.

உன் எண்ணைக் கைப்பேசியில் அடைத்துவிட்டேன். குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஆனாலும் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கடைசியாக யாருக்குக் கடிதம் எழுதினேன் என்றுகூட நினைவில்லை.

தம்போய்க் கோயில் மண்டபத்தில் நீ பேசியதை யாரோ பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி சிகாமட்டுக்கு வந்தது. வந்து சேர்ந்தது யார் கையில் தெரியுமா? நம் பிள்ளை யோகேஸ்வரியைக் கட்டப்போகிற வசந்தனின் அப்பா ஹேமநாதன் கையில். அவர் எங்கள் சபையின் மூப்பர். மனிதர் வீட்டுக்கே வந்தார். நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை. பதிவை என் முன்னாலேயே ஓடவிட்டு, "இது உங்க தம்பி குரல்தானே, சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. உன் குரலை நான் எப்படி இல்லை என்பது?

பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்கலாம் என்று ஒரு ரோம ராஜா ஆட்களைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லி முடிவு செய்தான் என்கிறாய். கிறிஸ்மஸ் தேதி சூரிய சாமியிடமிருந்து திருடியது என்கிறாய். இயேசு சிலுவையில் சாகவே இல்லை, இந்தியாவில் சாமியார்களிடம் படித்தவர், மறுபடியும் காஷ்மீருக்கு வந்து கிழவனாகிச் செத்தார் என்கிறாய். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவருக்கு வேண்டிய மானத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் கடைசியில் சொன்னாயே, "ரொம்ப தூரம் போவானேன், என் சொந்த அக்காவே ஒரு மூட்டை அரிசிக்கு மாறுனவங்கதான்லா" என்று. மண்டபமே சிரித்தது. பதிவில் நன்றாகக் கேட்கிறது.

தெப்ராவ் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன் நீ. ஒரு போத்தல் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால், அது எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில், யார் கையிலிருந்து வந்தது என்று பின்னாலேயே தேடிப் போவேன் என்று பெருமையடிப்பாய். இந்தப் பேச்சுக்கு யார் தரம் பார்த்தது?

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் டிசம்பர் 14. யோகேஸ்வரியின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. தேவாலய வாசலிலிருந்து அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டியவன் தாய்மாமன் நீதான். அவளும் வேறு யார் கையையும் பிடிக்க மாட்டேன் என்கிறாள். ஹேமநாதன் சொல்லிவிட்டார்: "அவரு பேசுனத அவரே திருத்தணும். இல்லன்னா பிள்ளைய வேற யாராச்சும் கூட்டிட்டு வரட்டும்."

உன்னை மாறச் சொல்லவில்லை. எங்கள் ஆண்டவரை நம்பச் சொல்லவில்லை. பேசியதைச் சரிபார், தப்பென்றால் பேசிய இடத்திலேயே தப்பு என்று சொல். இதற்கு மேல் மன்றாட எனக்குத் தெம்பில்லை.

அக்கா
பிரேமலா


தம்போய்
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிரித்துப் பார்த்தால், தவறியவன் நான்தான்.

அந்த வகுப்பை நான் ஏன் எடுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து வந்து, சனிக்கிழமையாவது கட்டையைச் சாய்க்கலாம் என்றால் மண்டபத்தில் ஆள் இல்லை என்று கூப்பிடுவார்கள். நம் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கழன்று போகிறார்கள். நமக்கும் பேச விஷயம் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கிறது. சாமி, திருமுறை என்று பேசினால் முன்வரிசையில் கொட்டாவி விடுகிறார்கள். ராஜா கை தூக்கச் சொன்ன கதையைச் சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். களைத்துப்போனவனுக்கு அது போதும். எங்கிருந்து எடுத்தேன் என்கிறீர்கள். எல்லோரும் எடுக்கிற இடத்திலிருந்துதான், வந்த வீடியோக்களிலிருந்து.

அரிசி என்று சொன்னது தப்பு. உங்கள் பெயரை இழுத்தது அதைவிடத் தப்பு. அதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள், அக்கா?

ஆண்டவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று நீங்கள் சபையில் சாட்சி சொன்ன வீடியோவை உங்கள் சபை முகநூலில்ப் போன வருடம் பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அத்தான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியிலிருந்து விழுந்து சிகாமட் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்கிறீர்கள். "டாக்டர் கைவிட்டாரு, சொந்தம் கைவிட்டுச்சு, எட்டிப் பாக்க ஒரு மனுஷன் இல்ல" என்று அழுகிறீர்கள். கூடியிருந்தவர்கள் அல்லேலூயா என்கிறார்கள்.

டாக்டர் கைவிடவில்லை. "பொறுத்துப் பாப்போம்" என்று என்னிடம்தான் சொன்னார். நான் அங்கே இருந்தேன். லீவு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு தம்போயிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். அத்தானைப் புரட்டிப்போட்டு உடம்பு துடைத்தேன். தாடி வளர்ந்து கட்டு போட்ட இடமெல்லாம் அரிக்கிறது என்று அவர் முனகியபோது, என் சவரக் கத்தியைக் கொண்டுவந்து நான்தான் மழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் கீறிவிடுவேன். "டேய், மறுபடியும் கீறிட்டியா?" என்று அந்த வலியிலும் கிண்டல் செய்வார். நீங்கள் கட்டில் காலடியில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

அந்த வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். நான் எங்கேயும் இல்லை. நீங்கள் மண்டபச் சிரிப்பைச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த அல்லேலூயா.

தரம் பார்க்கச் சொன்னீர்கள். பார்க்கிறேன். நீங்களும் உங்களுடையதைப் பாருங்கள்.

தம்பி
ரூபேந்திரன்


பெக்கோக்
2 அக்டோபர் 2024

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்குக் கேன்டீனில் மிளகாய்ச் சம்பலைக் கருகவிட்டேன். பிள்ளைகள் வெறும் சோற்றையும் முட்டையையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

சாட்சி எப்படி உண்டாகிறது என்று உனக்குத் தெரியாது. மூன்று நிமிடம் கொடுப்பார்கள். முதல் தடவை எல்லாவற்றையும் சொன்னேன், உன்னையும் சொன்னேன். நீளமாகிவிட்டது. முடிந்ததும் போதகர் அன்பாகத்தான் சொன்னார்: "மனுஷங்க கைவிட்டாங்க, கர்த்தர் கைவிடல, அப்படின்னு சொன்னா நல்லா பதியும், சிஸ்டர்." மனிதர்கள் கைவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் சவரம் செய்த தம்பியை எங்கே வைப்பது? வெளியே வைத்தேன். முதலில் குத்தியது. அப்புறம் பழகிப்போனது. திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால் நான் மட்டும் தனியாக நிற்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரிந்தது. உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் கட்டில் பக்கத்தில் நீ கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டு நின்றது திரும்பி வந்தது.

அரிசியைப் பற்றியும் கேட்டுக்கொள். அரிசி வந்தது உண்மை. அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய். போகாமல் எப்படி? அதற்கப்புறம் சொந்தத்தில் ஒருத்தரும் படியேறவில்லை. ராசம்மா என்று ஒரு அம்மா, சபையைச் சேர்ந்தவள், மோட்டார் சைக்கிள் பின்னால் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வந்தாள். இறக்கி வைத்தாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள், போய்விட்டாள். ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. நான் ஞானஸ்நானம் எடுத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அதுவரைக்கும் அந்த ஒரு மூட்டை தாங்கியிருக்குமா என்று உன் மண்டபத்து ஆட்களைக் கேள்.

ஏன் மாறினேன் என்று இத்தனை காலத்தில் நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காததற்கே பதில் சொல்கிறேன். அத்தான் நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கஷ்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. அந்தச் சின்ன மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தால், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அழ ஓர் இடம் கிடைத்தது. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

ஹேமநாதன் பிள்ளையைக் கூட்டிப் போக வேறு ஆளைப் பார்த்துவிட்டார், அவருடைய மைத்துனர் ஒருவர். யோகேஸ்வரி சாப்பிடாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு நடுவில் நின்று நின்று கால் ஓய்ந்துவிட்டது, தம்பி.

அக்கா


தம்போய்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்தேன். மற்ற நாட்களில் பல்கலைக்கழக ஆட்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். வேலையில் திரும்பி வந்த பொருளுக்குக் கேட்கிற அதே கேள்விகளைத்தான் கேட்டேன்: முதலில் சொன்னது யார், சம்பவம் நடந்து எத்தனை காலம் கழித்து, அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றையும் கேட்டதும் என் பேச்சு பாதிக்குமேல் ரிஜெக்ட் கூடைக்குப் போய்விட்டது.

ராஜா கூட்டிய கூட்டம் உண்மை. 325-ஆம் ஆண்டு, நைசீயா என்ற ஊரில். ஆனால் அங்கே சண்டை, இயேசு கடவுளுக்குச் சமமா இல்லையா என்பதில். ஈஸ்டர் நாளைப் பற்றியும் பேசினார்கள். புத்தகப் பட்டியலைப் பற்றி அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களில் ஒரு வரியும் இல்லை. அந்தக் கதை பல நூறு வருடம் கழித்து எழுதிய ஒரு நூலில்தான் கிளம்புகிறது. அதிலும் கை தூக்கவில்லை. எல்லாப் புத்தகங்களையும் பீடத்தருகே வைத்தார்களாம், போலியானவை தானாகக் கீழே போய்விட்டனவாம். கை தூக்கிய கதையைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். இப்போதுள்ள இருபத்தேழு புத்தகங்களின் பட்டியல் அப்படியே முதலில் கிடைப்பது 367-இல் ஓர் ஆயர் எழுதிய கடிதத்தில். அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலம் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எந்த ஒருவனும் ஒரே நாளில் முடிவு செய்யவில்லை.

டிசம்பர் 25 பாதி தேறும். சூரியனுக்கு அன்று விழா என்பதற்கும், கிறிஸ்தவர்கள் அன்று கொண்டாடினார்கள் என்பதற்கும் பழைய ஆதாரம் ஒரே ரோமானியப் பஞ்சாங்கத் தொகுப்பில்தான் சேர்ந்தாற்போல் இருக்கிறது. யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். திருட்டு என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. அந்த நாளில்தான் பிறந்தார் என்று உங்கள் சபையில் சொன்னால் அதுவும் தப்பு. உங்கள் வேதத்தில் தேதியே கிடையாது.

காஷ்மீரில் எனக்கு வெட்கம் அதிகம். நூற்று முப்பது வருடத்துக்கு முன் ஒரு ரஷ்யப் பயணி, இயேசு இந்தியாவில் படித்ததாக லடாக் மடத்தில் ஏடு பார்த்தேன் என்று எழுதினார். பின்னால் ஒருவர் அங்கேயே போய் விசாரித்தபோது, மடத்துத் தலைவர் அப்படி ஓர் ஏடே இல்லை என்றார். காஷ்மீரில் செத்தார் என்பது ஏறக்குறைய அதே காலத்தில் வேறிடத்தில் கிளம்பிய வேறு கதை. இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கிச் சொன்னவன் நான். இயேசு என்று ஒருவர் இருந்தார், சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதைச் சாமி நம்பாத வரலாற்றுக்காரர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். உயிர்த்தெழுந்தாரா என்பது என் மேசைக்கு வருகிற பொருள் இல்லை.

உங்கள் பக்கத்தையும் விடவில்லை. போதகர் பேசியவற்றை முகநூலில் கேட்டேன். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைகிற வசனத்துக்கு விளக்கமாக, எருசலேமில் ஊசிக்கண் என்று ஒரு குட்டை வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டுத்தான் நுழையும் என்கிறார். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தது வேதத்தில் இல்லை, வேதத்தில் சேர்க்காத ஒரு பிற்காலக் கதையில் இருக்கிறது. தோமா மைலாப்பூர் வந்தார் என்பது ரொம்பப் பழைய நம்பிக்கை. அந்தக் காலத்திலேயே எழுதிவைத்த எழுத்து இல்லை. வரவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக அரிசி. இதற்கும் அதே மூன்று கேள்வி. எனக்குச் சொன்னது செல்லம் சின்னம்மா, ஒரு கருமாதி வீட்டில், விபத்து நடந்து ஏழெட்டு வருடம் கழித்து. அவர் அப்போது குளுவாங்கில் இருந்தார். உங்கள் வீட்டுப் படியையே மிதித்ததில்லை. நீங்கள் உயிரோடு பக்கத்திலேயே இருந்தீர்கள். உங்களைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்ததும் வரும் வகுப்பில் இதையெல்லாம் சொல்லப்போகிறேன். யோகேஸ்வரியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரூபேந்திரன்


தம்போய்
11 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை பேசினேன். அரிசியிலிருந்து தொடங்கினேன். "என் அக்காவைப் பத்தி நான் சொன்னது பொய். அவங்க இங்க இல்ல, அதனால உங்க முன்னால மன்னிப்பு கேக்குறேன்" என்றேன். அதுவரை அமைதியாகத்தான் இருந்தார்கள். நைசீயாவுக்கு வந்ததும் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. பின்னாலிருந்து ஒருவர், "என்ன சார், அக்கா வீட்டுல பிரியாணியா?" என்று கேட்டார். சிரித்தார்கள். அதே சிரிப்புதான். இந்த முறை என்னைப் பார்த்து.

முடிந்ததும் கோயில் தலைவர் அர்ச்சுனன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "ஏன்லா இப்ப போய் இதெல்லாம்? நல்லா போய்க்கிட்டு இருந்த கிளாஸ்." நான் சொன்னேன், பொய் சொல்லிக் காப்பாற்றுகிற அளவுக்கு நம் சமயம் ஒன்றும் நோஞ்சான் இல்லை என்று. அவர் நல்ல மனிதர்தான். என் தோளைத் தட்டி, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க. மூஞ்சியே சரியில்ல" என்றார். ரெஸ்ட் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும்.

பேசியதை நானே பதிவு செய்து வகுப்புக் குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் யாருக்கும் அனுப்பவில்லை. பழையது தானாகவே சிகாமட் வரைக்கும் போனது. இது மண்டப வாசலைக்கூடத் தாண்டவில்லை. அதனால் ஒரு பென்டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். ஹேமநாதனிடம் கொடுங்கள். இதை நான் அவருக்குப் பயந்து பேசவில்லை என்பதையும் சொல்லுங்கள். நான் காலையில் விபூதி பூசுகிறவன்தான், கடைசி வரை பூசுவேன்.

நீங்கள் உங்கள் சாட்சியைப் பார்த்தீர்களா என்று கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

ரூபேந்திரன்


பெக்கோக்
25 நவம்பர் 2024

தம்பிக்கு,

ஹேமநாதன் முழுவதும் கேட்டார். ஊசிக்கண் வாசல் வந்த இடத்தில், "எங்க பாஸ்டரையும் விடல பாருங்க" என்று முறைத்தார். அரிசி வருகிற தொடக்கத்தை மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தேநீரைக் குடித்தார். "வரட்டும்" என்றார். யோகேஸ்வரி கேட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆகவே நீ வரவேண்டும். வேட்டி கட்டி வா. விபூதியோடேயே வா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். உன்னைச் சொல்லத்தான் எழுந்தேன். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தேன். "எட்டிப் பாக்க ஒரு மனுஷன் இல்ல" என்றுதான் வந்தது. அல்லேலூயா என்றார்கள். அதற்குப் பிறகு எப்படித் திருப்புவது? உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஒரு மண்டபத்தை எதிர்த்துப் பேசிவிட்டாய். எனக்கு என் சொந்த நாக்கே மசியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். திட்டுவதானால் கல்யாணம் முடிந்து திட்டு.

அக்கா


தம்போய்
3 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

வருகிறேன். பிள்ளைக்காக வருகிறேன்.

சாட்சி உங்களுடையது. நான் இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். கோபமில்லை, அலுப்பாக இருக்கிறது. இருபது வருடமாக இல்லாத ஆள், இன்னும் கொஞ்ச நாள் இல்லாமல் இருந்துவிட்டுப் போகிறான்.

உள்ளே மண்டியிட வேண்டுமா, செருப்பை எங்கே விடுவது என்று மட்டும் யோகேஸ்வரியை எழுதச் சொல்லுங்கள்.

ரூபேந்திரன்


தம்போய்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்து, வேட்டியைத் துவைக்கப் போட்டு, அசதி தீரத் தூங்கினேன். பிள்ளையின் முகம் கண்ணிலேயே நிற்கிறது. நன்றாக இருக்கட்டும்.

இங்கே ஒரு செய்தி ஓடுகிறது. நான் மதம் மாறிவிட்டேனாம். தேவாலயத்தில் நான் தலை குனிந்து, முகத்தைத் துண்டால் துடைக்கிற ஒரு படம் எல்லோர் கையிலும் இருக்கிறது. கீழே, தம்போய் சமயப் பேச்சாளர் கண்ணீரோடு மனம் திரும்பினார் என்று எழுதியிருக்கிறது. அதை உங்கள் பக்கத்து ஆள் யாரோ மகிழ்ச்சியில் போட்டிருக்கிறார். என் பக்கத்து ஆட்கள் அதையே எடுத்து, "அப்பவே தெரியும்லா, நவம்பர்லயே வெலைக்கு போயிட்டாரு" என்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவர், எனக்கு இன்னார் ஞானஸ்நானம் கொடுத்தார் என்று போதகர் பெயரையே சொன்னார். அப்படி ஒரு போதகரை நான் பார்த்ததே இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, அக்கா. நான் உயிரோடு இருக்கிறேன். காலையில் எல்லோரோடும் சேர்ந்துதான் பசியாறுகிறேன். கேட்டால் சொல்வேன். ஒருத்தரும் கேட்கவில்லை. போன வாரம் நடந்ததே இப்படி, இதில் ஆயிரம், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியதை நான் நூலகத்தில் உட்கார்ந்து துப்பறிந்தேனாம். சிரித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை அவசரத்தில் கண்ணாடி சரியில்லாமல் சவரம் செய்தேன். வாசலில் யோகேஸ்வரி என் கையைப் பிடித்தாள். வாத்தியம் தொடங்கியது. அவள் என் முகத்தைப் பார்த்து, "மாமா, மறுபடியும் கீறிட்டீங்களா?" என்றாள். அப்பா சொல்லிச் சொல்லி அவள் காதில் அது விழுந்திருக்க வேண்டும். எனக்கு அத்தான் கட்டிலில் கிடந்து கேட்கிற மாதிரி இருந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

மறுப்புச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொன்னாலும் வாசலைத் தாண்டாது.

ரூபேந்திரன்


பெக்கோக்
30 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பி ரூபேந்திரனுக்கு, ஸ்தோத்திரம்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். குரல் பதிவு மட்டும் அனுப்பித் தொலைக்காதே. உன் குரல் சொல்லாமல் ஊர் சுற்றப் போய்விடுகிறது.

உன் கடிதம் வந்த அன்று அந்தப் படத்தைப் போட்டது யார் என்று விசாரித்தேன். நீ சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விதான். மூன்றாவது கேள்வியிலேயே ஆள் தலையைச் சொறிந்தார். படத்தை நீக்க வைத்துவிட்டேன். போனது போனதுதான், இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ.

நேற்று ஞாயிறு. வருடத்தின் கடைசி ஆராதனை. சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். என் நாக்கை நம்பாமல் முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். முன்வரிசையில் ஹேமநாதன், அவருக்குப் பக்கத்தில் யோகேஸ்வரியும் வசந்தனும். மைக்கைப் பிடித்தேன்.

"என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. என் தம்பி ரூபேந்திரன் அவருக்கு சவரம் பண்ணிக்கிட்டு இருந்தான்" என்றேன்.

நான் நிறுத்தவில்லை. நீ வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். துடைத்ததைச் சொன்னேன். கன்னத்தில் கீறியதையும், அவர் கிண்டல் செய்ததையும், நான் சிரித்ததையும் சொன்னேன். டாக்டர் கைவிடவில்லை என்றேன். கல்யாணத்தன்று நீ அழுதது அந்த மனிதரை நினைத்துத்தான், வேறு எதற்கும் இல்லை என்றேன். யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் எங்கே அல்லேலூயா போடுவது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

போதகர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, மைக்குக்குக் கேட்காமல், "சிஸ்டர், இதுல ஆண்டவர் எங்க வர்றாரு?" என்றார்.

"வருவாரு, பாஸ்டர். பொறுங்க," என்றேன். "மொதல்ல என் தம்பி வரட்டும்."

அக்கா
பிரேமலா